ஆயாக்கொட்டகையிலிருந்து வார்டு வரைக்கும்

பெஸ்தாரி ஜெயா
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அடி என் உயிர்த்தோழி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். நலமாகத்தான் இருக்கிறேன், முட்டிவலி ஒன்றைத் தவிர. ஜொகூருக்குக் குடிபோனதிலிருந்து வாட்ஸ்அப்பில் நீ அனுப்புவதெல்லாம் கட்டைவிரலும் சாமி படமும்தான். எனக்கு அது பத்தாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து வாய் நிறைய சேதியோடு உட்கார்ந்திருக்கிறேன். அதையெல்லாம் கைப்பேசியில் தட்ட என் விரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால் பழையபடி காகிதமும் பேனாவும்.

கல்யாணம் நம்ம தோட்டத்து மண்டோர் வீட்டுக் கடைசிப் பையனுக்கு. கோல சிலாங்கூர் மண்டபத்தில். பெண் தைப்பிங் பக்கம், நல்ல உயரம், மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி தெரிகிறான். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, ரசத்தில் மட்டும் உப்பு தூக்கல். மண்டோரின் மூத்த மருமகள் இந்த முறையும் யாரோடும் பேசவில்லை. இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு காற்றாடிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அதை விடு. தாலி கட்டி முடித்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம், வாசலில் ஒருத்தி வந்து நின்றாள் பார். வெள்ளைச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து, நெஞ்சில் பெயர் அட்டை. காலை ஷிப்ட் முடிந்து உடுப்பு மாற்ற நேரமில்லாமல் வந்திருக்கிறாள். யாரென்று நினைக்கிறாய்? ஆயாக்கொட்டகைப் பாட்டியின் பேத்தி!

என் மேசைக்காரிகளுக்குச் சோறு இறங்கவில்லை. "இவ அட்டெண்டனாத்தானே இருந்தா? பெட்பேன் கழுவிக்கிட்டு?" என்றாள் ஒருத்தி. "அட்டெண்டன் எப்படிடி மிஸ்ஸி ஆவா?" என்றாள் இன்னொருத்தி. அவள் கேட்டது கிண்டலுக்கு. ஆனால் நியாயமான கேள்வி. இந்த நாட்டில் அட்டெண்டன் எப்படி மிஸ்ஸி, அதாவது தாதி, ஆவாள்? விசாரிக்காமல் விடுவேனா நான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாயசத்தை நீட்டி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

படிவம் ஐந்து முடித்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாளாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மூத்திரப் பையை அளந்து காலி செய்வது, ரத்தக் குப்பியை லேப்புக்கு ஓடிக் கொடுப்பது, உயிர் போனால் துடைத்துக் கட்டி அனுப்புவது. தமிழ்க் கிழவிகள் எல்லோரும் அவளைத்தான் "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்களாம். நிஜ மிஸ்ஸிகள் முறைப்பார்களாம். அவள் சொன்ன ஒன்று என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது: "அத்தை, ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லாமப் போறது எங்களுக்குத்தான் மொத தெரியும். முகம் தொடைக்கிறப்பவே தெரிஞ்சிடும். ஆனா சார்ட்டுல எழுத எங்களுக்கு உரிமை இல்லை. மிஸ்ஸிகிட்ட சொல்லணும், அவங்க நம்பணும்."

சரி, மிஸ்ஸிக்குப் படிக்க என்ன தடை? கணக்குத்தான் தடை! எஸ்பிஎம் பரீட்சையில் மலாய், அறிவியல், தமிழ், நன்னெறி நாலிலும் கிரெடிட். இங்கிலீஷ் தேர்ச்சி. கணக்கில் மட்டும் ஒட்டிக்கோ கட்டிக்கோ என்று ஒரு பாஸ். தாதியர் டிப்ளோமாவுக்கு அவள் விண்ணப்பித்த இடத்தில் ஐந்து கிரெடிட் கேட்டார்கள், அதில் மலாயும் கணக்கும் அறிவியலும் கட்டாயம். வார்டில் ஆறு வருஷம் நின்றது அந்தப் பாரத்தில் ஒரு கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்த, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற பெண்ணுக்கு ஐந்து கிரெடிட் இருந்தால் கதவு திறக்கும். இவளுக்குத் திறக்காது.

அப்புறம்தான் கேள் கதையை. நம்ம தமிழ்ப்பள்ளி வாத்தியார், ரிட்டையராகி இஜோக் தாமானில் இருக்கிறாரே, அதே பிரம்பு வாத்தியார், அவரிடம் ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் போய் கணக்குப் படித்திருக்கிறாள். தனிப் பரீட்சார்த்தியாக எழுதினாள். முதல் தடவை போய்விட்டது. அடுத்த தடவை கிரெடிட். அதோடு போய் நின்றதும் அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியே படிக்க அனுப்பச் சம்மதித்தது. கல்லூரிச் செலவு அவர்களுடையது, முடித்ததும் அவர்களிடமே இத்தனை வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். தனியார் ஆஸ்பத்திரிகள் பலவும் இப்படித்தான் ஆள் பிடிக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில்தான் நம் சனங்களின் லட்சணம் வெளியே வந்தது. இரண்டு ஜாமீன் வேண்டும், இரண்டு பேருக்கும் நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் அப்படி? சொந்தத் தாய்மாமன் இருக்கிறார். புது அல்ஸா கார் வாங்கி மாலை போட்டு முகநூலில் படம் போட்டவர். "பொண்ணு பாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டா நானா கட்டுறது?" என்று கேட்டாராம். கடைசியில் வாத்தியார் தன் மகனையும் மருமகளையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். மாமனும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். சீருடையைப் பார்த்ததும் ஓடிவந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் வேலையை விட்டது 2022-ல், குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500 வெள்ளியாக உயர்த்திய அதே வருஷம். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி. மூன்று வருஷம் படிப்புப்படியை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். அம்மா விடியற்காலையில் இஜோக் சந்திப்பில் நாசி லெமாக் பொட்டலம் விற்றாளாம். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டது, அதனால் இன்றைக்கு அட்டெண்டன் வேலையை விட்டுப் படிக்கப் போகிற பெண் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இழக்கிறாள். மேடையில் வந்து "கனவு காணுங்கள்" என்று பேசிவிட்டுப் போகிற தலைவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

எங்கள் மேசையில் சாபாக் பெர்ணாம் பக்கத்து ரிட்டையர்ட் சிஸ்டர் ஒருத்தரும் இருந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை. அவருக்கு இது பிடிக்கவில்லை. "அட்டெண்டனுக்கெல்லாம் தகுதியைக் கொறைச்சா நோயாளி கதி என்ன?" என்று ஆரம்பித்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, பரீட்சை அறையில் கேட்பது மாதிரி: "500 மில்லி சலைன். நாலு மணி நேரத்துல ஏத்தணும். செட்டு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை?" அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே "42" என்றாள். எனக்கு விளங்கவில்லை, விளக்கச் சொன்னேன். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் பத்தாயிரம் சொட்டு. நாலு மணி நேரம் என்பது 240 நிமிஷம். வகுத்தால் 41 சொச்சம், அதை 42 என்று வைப்பார்கள். "இருதயம் பலவீனமான ஆளுக்கு வேகமா விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்," என்றார் சிஸ்டர். அவர் சொல்வதும் வாஸ்தவம்தான். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2010-ஐ ஒட்டி மழைக்காலக் காளானாய் முளைத்த நர்சிங் கல்லூரிகள் உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கிப் படித்து, வேலை கிடைக்காமல் பசார் மாலாம் சந்தையில் துணி விற்றார்கள். புதிய படிப்புகளுக்கு அரசாங்கமே அனுமதியை நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் பேத்தி திருப்பிக் கேட்டதும் சரிதான்: "சிஸ்டர், இந்தச் சொட்டுக் கணக்கை அட்டெண்டனா இருக்கிறப்பவே யாராவது சொல்லிக் கொடுத்திருந்தா எனக்கு எஸ்பிஎம் கணக்கும் சீக்கிரம் வந்திருக்கும். ஸ்டாண்டுல தொங்குற பையைப் பார்த்துப் படிச்சிருப்பேன்." சிஸ்டர் பதில் சொல்லாமல் மோர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய பாட்டி ஞாபகம். நம் அம்மாக்கள் இருட்டோடு பால்வெட்டப் போகும்போது நம்மையெல்லாம் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்களே. முப்பது நாற்பது பிள்ளைகள், தூளி வரிசை, ஒரு கிழவி. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றில் பூச்சி, யாருக்கு அம்மை வார்க்கப் போகிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்வாள். டிரஸ்ஸர் வந்தால் அவளிடம்தான் கேட்பார். அவள் சம்பளமோ களையெடுப்பவளின் சம்பளம். பேரும் பரிசும் தோட்டம் போட்டவருக்குத்தான். நம்ம ஊரில், அப்போதைய பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் மலாயாவின் முதல் செம்பனை வணிகத் தோட்டத்தைப் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபொகோனியே, மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் அவர்கள் நாட்டின் பெரிய கொன்கூர் பரிசையே வாங்கிவிட்டார். அதே 1930-ல்தான் இந்தப் பக்கம் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தார்கள். அங்கே நோயாளிகளே வார்டு வேலை பழகி, ஒருவர் புண்ணுக்கு ஒருவர் மருந்து கட்டினார்கள். வேலை தெரிந்தவர்கள் இந்த மண்ணில் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். தாளில் எழுதித் தருகிறவர்தான் இல்லை.

டிரஸ்ஸர் கதையும் அதுதானே. தோட்டத்தில் அவர் குட்டி டாக்டர். மட்டக் குதிரையில் வருகிறவர் மாதிரி சைக்கிளில் வருவார், வெள்ளைக் கால்சட்டை, மிக்ஸ்சர் போத்தல், எல்லா வலிக்கும் ஒரே ஊசி. 1965-ல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்தப் பதிவு தோட்டத்து வேலைக்குத்தான். தோட்டம் துண்டாடப்பட்டபோது, விற்கப்பட்டபோது, கொல்ப் மைதானமும் தாமானும் ஆனபோது, வாசல் கேட்டுக்கு வெளியே அவர் யாரோ ஒருவர். நம்ம டிரஸ்ஸர் கடைசியில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதினார். முப்பது வருஷம் தையல் போட்ட கை.

இதையெல்லாம் மாற்றவே முடியாது என்று நினைக்காதே. இதே நாடு ஒருமுறை மாற்றிக் காட்டியிருக்கிறது. 1966-ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தபோது, பயிற்சியில்லாமல் கைப்பழக்கத்தில் பிரசவம் பார்த்தவர்களுக்கும் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். பிறகு எழுபதுகளில் கிராமச் சுகாதார முறையைத் திருத்தியபோது, அரசாங்க மருத்துவச்சிகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து கிராமத் தாதிகளாக்கினார்கள். பிரசவம் மட்டும் பார்த்தவர்கள் தடுப்பூசி போட்டார்கள், பிள்ளையை நிறுத்தார்கள், கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கிளினிக் டேசா என்று இன்றைக்கும் நாம் போகிற இடமெல்லாம் அப்படி உயர்ந்தவர்கள் கையில் நடந்தவைதான். வேலையில் இருந்தவர்களை வேலையில் வைத்தே மேலே ஏற்றினார்கள். யாரும் அவர்களை மூன்று வருஷம் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஆனால் அது கம்போங்கை நோக்கிய திட்டம். தோட்டத்துச் சுகாதாரம் முதலாளி பொறுப்பு என்று வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நம் தோட்டத்து மருத்துவச்சி, உன்னைப் பூமியில் இறக்கியவள், அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கேட்டால் "எனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்று வெற்றிலை மெல்லுவாள்.

என் அத்தையை நினைவிருக்கிறதா, லண்டன் மிஸ்ஸி? எழுபதுகளில் நர்சிங்குக்காக இங்கிலாந்து போனபோது தோட்டமே சுபாங் விமான நிலையத்துக்கு லோரி கட்டிக்கொண்டு போனது. அங்கே போன பிறகுதான் தெரிந்ததாம், அங்கே மிஸ்ஸியில் இரண்டு ஜாதி என்று. மூன்று வருஷம் படித்தால் பதிவுபெற்ற தாதி. இரண்டு வருஷம் படித்தால் எஸ்இஎன். அந்த இரண்டாவது வகையை 1943-ல் சட்டம் போட்டு உண்டாக்கியவர்கள், உதவித் தாதி என்று வைத்த பெயரிலிருந்து "உதவி"யை 1961-ல் எடுத்துவிட்டார்கள். வேலை மாறவில்லை. கடல் கடந்து வந்த பிள்ளைகளில் பலரை, வித்தியாசம் இன்னதென்று சொல்லாமலே, இரண்டு வருஷ வரிசையில் தள்ளிவிட்டார்கள். அத்தையும் அதில்தான். பிறகு பிள்ளை பெற்று, ராத்திரி வேலை பார்த்துக்கொண்டே மாற்றுப் படிப்பு படித்துப் பதிவுபெற்ற தாதியானாள். இங்கே யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அவள் செத்த பிறகு பெட்டியில் இருந்த இரண்டு சான்றிதழைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். அந்த எஸ்இஎன் வகையை ஒழித்துவிட்டு, பிறகு தாதிக்கும் உதவியாளருக்கும் நடுவே ஆள் வேண்டும் என்று 2019-லிருந்து நர்சிங் அசோசியேட் என்று புதிதாகப் பதிவு தருகிறார்கள். வெள்ளைக்காரன் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறான்!

உன் மகள் சிங்கப்பூரில் ஹெல்த்கேர் அசிஸ்டண்டாகத்தானே இருக்கிறாள், தினமும் பாலம் தாண்டிப் போய்க்கொண்டு? அவளுக்கு நான் சொன்னதாகச் சொல். அங்கே உதவியாளருக்கும் பதிவுபெற்ற தாதிக்கும் நடுவே என்ரோல்ட் நர்ஸ் என்று ஒரு படி இருக்கிறது. ஐடிஇ-யில் படித்து அதில் ஏறலாம், அதிலிருந்து டிப்ளோமாவுக்குப் போகலாம். அவளுடைய முதலாளி அனுப்புவாரா என்று கேட்கச் சொல். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் நாற்பது வயதிலும் தள்ளுவண்டிதான் தள்ளுவாள்.

இங்கே நம்மிடம் அந்த நடுப்படிதான் ஆட்டம் காண்கிறது. பழைய சம்பளக் கணக்கில் அரசாங்க அட்டெண்டன் யு11, சமூகத் தாதி யு19, டிப்ளோமா முடித்த மிஸ்ஸி யு29. நடுவில் இருந்த சமூகத் தாதிக்குப் புது ஆள் எடுப்பது குறைந்துபோனது. அட்டெண்டனுக்கு என்னதான் வழி என்று கேட்டால் ஆளுக்கொரு காகிதம் நீட்டுகிறார்கள். வேலை அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம், நல்லதுதான், ஆனால் அது பராமரிப்பு வேலைக்கான சான்றிதழ். மலேசியத் தகுதி முகவாண்மையின் ஏப்பல் வழியில் இருபது வயதுக்கு மேற்பட்டவர் அனுபவத்தைக் காட்டி டிப்ளோமாவுக்குப் போகலாம் என்கிறார்கள். பல படிப்புகளுக்கு அது பொருந்தும். நர்சிங்குக்கோ தாதியர் வாரியம் வகுத்த பாடமும் கிரெடிட்டும்தான் பேசும். டிப்ளோமா முடித்த மிஸ்ஸிக்கு மேலே ஏற எத்தனையோ வசதி: வேலை பார்த்துக்கொண்டே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பட்டம், மகப்பேறு, சிறுநீரகம், தீவிர சிகிச்சை என்று போஸ்ட் பேசிக் படிப்பு. கீழே இருப்பவளுக்கு மட்டும் வேலையை விட்டுவிட்டு வா என்கிறோம்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் இதற்கு ஒரு வேலை செய்தது. 1974-ல் 1199சி என்கிற அந்தச் சங்கம் சம்பள ஒப்பந்தத்திலேயே பயிற்சி நிதியைப் போட்டு வாங்கிவிட்டது. முதலாளிகள் கட்டும் பணம், சங்கமும் சேர்ந்து நடத்தும் பள்ளி. துப்புரவு வேலை பார்த்தவர்களும் உதவியாளர்களும் அதில் விட்டுப்போன கணக்கைப் படித்துத் தாதியானார்கள். நம் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-லிருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு உதவிச் சம்பளம் கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்களே, அங்கே அவர்களுக்காகப் பேச யார்? பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி சம்பளத்தில் ஒரு விழுக்காடு மனிதவள நிதிக்குக் கட்டியே ஆகவேண்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவுசெய்கிற இடத்தில்தான் அட்டெண்டன் இல்லை. சிரித்த முகத்தோடு வாடிக்கையாளரை வரவேற்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. ஒரு வருஷம் சாயங்காலக் கணக்கு வகுப்பு நடத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள்!

மூச்சு வாங்குகிறது, இரு. இன்னொரு சேதி. பழைய கிராணி வீட்டை இடித்துவிட்டார்கள். தபால்காரர் மகள் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வந்த ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டாள், பையன் நன்றாகத் தமிழ் பேசுகிறான். அவள் அம்மாதான் இப்போது இங்கிலீஷ் பேசுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை பக்கம் எதற்கு எழுதினேன் என்று நீ இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். மருத்துவச்சிப் பாட்டியின் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், கடைசி லயத்து மூலை வீட்டுப் பிள்ளை. அவளும் அட்டெண்டன்தான். போன எஸ்பிஎம்-மில் கணக்கையும் அறிவியலையும் திரும்ப எழுதி இரண்டிலும் கிரெடிட் எடுத்துவிட்டாள், அதே வாத்தியாரிடம் படித்து. ஆஸ்பத்திரி அனுப்பத் தயார். ஒரு ஜாமீன் என் மகன். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு அண்ணன் இன்னும் பொதுப்பணி இலாகாவில்தானே இருக்கிறார், ரிட்டையராக ஏழெட்டு வருஷம் இருக்கிறதல்லவா? மூன்று மாதச் சம்பளச் சீட்டும் அடையாள அட்டை நகலும் வேண்டும். பாரத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பெண் பாதியில் கல்யாணம் பண்ணிக்கொள்வாளா என்று அண்ணன் கேட்பார். பண்ணிக்கொண்டாலும் படிப்பை முடிக்க வைப்பது என் பொறுப்பு என்று சொல்.

பதிவு நாள் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. சாதாரணத் தபாலில் போடாதே, போஸ் லாஜுவில் அனுப்பு.

உன் அன்புள்ள,
பழைய எட்டாம் நம்பர் லயத்துக்காரி